மடைக்காவல் புரதங்கள்

சாகாத பீட்டா செல்களைக் கொண்ட எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அமெரிக்காவில் கென்னத் போலான்ஸ்கி என்ற சர்க்கரை நோய் ஆய்வாளரின் குழு செய்த வேலை அது; முடிவுகள் 2000-இல் வெளியாயின. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் அழிவதால்தானே சர்க்கரை நோய் வருகிறது? சாவைத் தடுக்கும் புரதம் ஒன்றை அந்தச் செல்களுக்குள் கூடுதலாக உண்டாக்கிவிட்டால் அவை அழியாது, நோயும் வராது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. செல்களும் சொன்னபடி கேட்டன. நச்சு மருந்தைக் கொடுத்தபோது சாதாரண எலிகளின் பீட்டா செல்கள் மடிந்தன, இவை தாக்குப்பிடித்தன. ஆனால் அந்தப் புரதம் மிக அதிகமாக இருந்த எலிகளால் குளுக்கோஸைச் சமாளிக்க முடியவில்லை. செல்கள் உயிரோடு இருந்தும், இன்சுலினை விடவேண்டிய நேரத்தில் விடவில்லை.

அந்தப் புரதத்தின் பெயர் பிசிஎல்-எக்ஸ்எல். சாவைத் தடுப்பது மட்டுமே அதன் தொழில் என்று நினைத்திருந்தார்கள். அதற்கு வேறு பிழைப்பும் உண்டு என்பதை எலிகள் காட்டிக்கொடுத்தன. அந்த இன்னொரு பிழைப்பு என்ன என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் பீட்டா செல்லைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கவேண்டும். 1869-இல் பெர்லினில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பால் லாங்கர்ஹான்ஸ் என்ற 21 வயது இளைஞர், தம் பட்ட ஆய்வுக்காகக் கணையத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, சீரண நீர் சுரக்கும் செல்களுக்கு நடுவே வேறு மாதிரியான செல்கள் சிறுசிறு கூட்டமாக நிற்பதைக் கண்டார். அவை எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதியும் வைத்தார். பின்னாளில் காசநோய் பிடித்து, மதெய்ரா தீவில் போய்க் குடியிருந்து, 1888-இல் அங்கேயே இறந்தார். 1893-இல்தான் பிரான்சின் லகெஸ் அந்தச் செல் கூட்டங்களுக்கு லாங்கர்ஹான்ஸின் தீவுகள் என்று பெயரிட்டார். நம் பள்ளிப் புத்தகங்கள் திட்டுகள் என்கின்றன. ஆற்று நடுவில் தலைகாட்டும் மணல்திட்டைப் போலத்தான் அவை இருக்கின்றன என்பதால் எனக்கு இந்தச் சொல்லே பிடிக்கிறது.

மனிதக் கணையத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் திட்டுகள் உண்டு. எல்லாம் சேர்ந்தாலும் கணையத்தின் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். அவற்றில் பாதிக்கு மேல் பீட்டா செல்கள். உடம்பு முழுவதற்குமான இன்சுலின் இந்தச் சின்ன இடத்திலிருந்துதான் வருகிறது. இளமை கடந்த பிறகு மனிதரில் இந்தச் செல்கள் புதிதாகப் பிளந்து பெருகுவது மிக அரிது.

பீட்டா செல்லின் வேலை, ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது. அளக்கும் விதம்தான் விசேஷம். மற்ற செல்கள் தமக்கு வேண்டிய குளுக்கோஸை மட்டும் எடுத்து எரிக்கும். வீட்டில் எத்தனை மூட்டை அரிசி இருந்தாலும் நாம் அளந்து உலை வைப்பதைப் போல. பீட்டா செல்லோ கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. வருகிற குளுக்கோஸுக்குத் தக்கபடி எரிக்கிறது. குளுக்கோகைனேஸ் என்ற நொதிதான் இதற்கான தராசு. எரிப்பது மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கிறது. அதில் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு உண்டாகிறது. ஏடிபி கூடினால் செல்லின் மேல்தோலில் உள்ள பொட்டாசியம் வாசல்கள் மூடுகின்றன, கால்சியம் வாசல்கள் திறக்கின்றன. உள்ளே பாயும் கால்சியம், பைகளில் கட்டிவைத்த இன்சுலினை வெளியே தள்ளுகிறது. பல வீடுகளில் காலை உணவுக்கு முன் விழுங்கும் கிளிமிபிரைடு மாத்திரை அந்தப் பொட்டாசியம் வாசலைத்தான் போய் மூடுகிறது.

இந்த ஏற்பாட்டின் விலை என்ன என்று யோசித்துப் பாருங்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறிக்கொண்டே போனால் மற்ற செல்கள் பலவும் கதவைச் சாத்திக்கொள்ளலாம், பீட்டா செல்லால் முடியாது. சாத்தினால் அளக்க முடியாது. அடுப்பு எரிய எரியப் புகை வரும். மைட்டோகாண்ட்ரியாவின் புகை என்பது ஆக்சிஜனின் தீவிர மூலக்கூறுகள். அவற்றை அடக்கும் கேட்டலேஸ் போன்ற நொதிகள் கல்லீரலில் ஏராளம், பீட்டா செல்லில் மிகக் குறைவு. இது போதாதென்று, தூண்டப்பட்ட ஒரு பீட்டா செல் நிமிடத்துக்குப் பத்து லட்சம் அளவில் இன்சுலினின் மூல வடிவத்தை உற்பத்தி செய்கிறது. ஒவ்வொன்றையும் சரியாக மடித்து, மூன்று கந்தகப் பிணைப்புகளைச் சரியான இடத்தில் கோத்தாக வேண்டும். இப்படி ஓய்வொழிச்சல் இல்லாத ஒரு செல்லுக்குச் சாவு எப்போதும் பக்கத்தில்தான் நிற்கிறது.

அந்தச் சாவு கத்தியால் குத்துப்பட்டு விழுவதைப் போன்றதல்ல. செல் தானே சுருங்கி, தன் மரபணு நூலைத் துண்டுதுண்டாக நறுக்கி, தன்னைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, பக்கத்துச் செல்கள் விழுங்குவதற்கு வசதியாக வைத்துவிட்டுப் போகிறது. 1972-இல் ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டேர் கரி மூவரும் இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். அபர்தீன் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக் எடுத்துக்கொடுத்த சொல். மரத்திலிருந்து இலை உதிர்வது, பூவிலிருந்து இதழ் உதிர்வது என்று பொருள். தமிழில் கேட்டிருந்தால் ஓரெழுத்திலேயே சொல்லியிருக்கலாம். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர் என்று வரும் வரிசையில் உதிரும் பூவுக்குப் பெயர் வீ. வீதல் என்றால் இறத்தல். இரண்டு பொருளும் ஒரே சொல்லில் இருக்கின்றன.

இப்படி உதிர்வதற்கு மரபணுக்களிலேயே ஏற்பாடு உண்டு என்பதை மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் புழு காட்டியது. அது வளரும்போது 1090 உடற்செல்கள் உண்டாகின்றன. அவற்றில் சரியாக 131 செல்கள் செத்துவிடுகின்றன, ஒவ்வொரு புழுவிலும் அதே 131. அதைக் கண்டறிந்த சிட்னி பிரென்னர், ஜான் சல்ஸ்டன், ராபர்ட் ஹார்விட்ஸ் ஆகியோருக்கு 2002-இல் நோபல் கிடைத்தது. இதற்கிடையே, நிணநீர்ப் புற்றுநோய் ஒன்றில் பிசிஎல்-2 என்ற மரபணு இடம் மாறி உட்கார்ந்திருப்பது தெரியவந்தது. புற்றுநோய் மரபணு என்றால் செல்லை வேகமாகப் பெருகச் செய்யும் என்பதுதான் அதுவரை எல்லோரும் அறிந்தது. மெல்போர்னில் டேவிட் வாக்ஸும் சுசன் கோரியும் ஜெர்ரி ஆடம்ஸும் 1988-இல் காட்டியது வேறு. பிசிஎல்-2 செல்லைப் பெருக்கவில்லை, சாகவிடாமல் வைத்திருந்தது. அதன் உறவுக்காரர்தான் நம் எலிகளின் பிசிஎல்-எக்ஸ்எல்.

இந்தக் குடும்பம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உவமை கண்மாய்தான். மைட்டோகாண்ட்ரியாவைக் கண்மாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வெளிச்சவ்வு கரை. பாக்ஸ், பாக் என்ற இரு புரதங்கள் அந்தக் கரையில் துளை போடக்கூடியவை, அவை மடைகள். பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல் இரண்டும் மடையை மூடிப் பிடித்திருக்கும் காவலர்கள். பிம், பூமா, பிட், பேட் போன்ற சிறு புரதங்கள் ஆபத்துச் செய்தி கொண்டுவருபவை. அவை வந்து காவலரின் கையைப் பிடித்துக்கொண்டால் மடை திறந்துவிடும். உள்ளிருந்து சைட்டோகுரோம்-சி என்ற புரதம் வெளியே பாய்கிறது, காஸ்பேஸ் என்னும் வெட்டும் நொதிகள் விழித்துக்கொள்கின்றன. பிறகு திரும்ப வழியில்லை.

சைட்டோகுரோம்-சி யார் தெரியுமா? மைட்டோகாண்ட்ரியா மூச்சுவிடும் வேலையில் எலெக்ட்ரான்களைக் கைமாற்றிவிடும் அன்றாடத் தொழிலாளி. பல பத்தாண்டுகளாகப் பாடப்புத்தகத்தில் இருந்த புரதம். அது வெளியே வந்தால் மரணச் செய்தியாகிறது என்று ஷியாவ்டாங் வாங்கின் ஆய்வகம் 1996-இல் சொன்னபோது பலருக்கு நம்பவே சிரமமாக இருந்தது. சாவுத் துறையில் இரட்டை வேலைக்காரர்கள் உண்டு என்பதற்கு அதுவே முதல் சாட்சி.

இனி நோய்க்கு வருவோம். டைப் 1 சர்க்கரை நோயில் உடம்பின் எதிர்ப்பாற்றலே பீட்டா செல்களை அழிக்கிறது. பெரும்பாலும் குழந்தைகளிலும் இளைஞர்களிலும் தொடங்குவது இது. டி செல்கள் திட்டுக்குள் நுழைந்து, பீட்டா செல்லின் மேல்தோலில் துளையிட்டு, கிரான்சைம்-பி என்ற நொதியை உள்ளே செலுத்துகின்றன. அந்த நொதி பிட் புரதத்தை வெட்டுகிறது, வெட்டுண்ட பிட் மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஓடி மடையைத் திறக்கவைக்கிறது. வெளியிலிருந்து வந்த கொலையாளியும் வீட்டுக்குள் இருக்கும் கத்தியைத்தான் எடுத்துப் பயன்படுத்துகிறான். 1986-இல் ஜியான்பிராங்கோ பொட்டாட்சோ எழுதிய ஒரு கட்டுரைக்குப் பீட்டா செல்லின் மரணம் கொலையா தற்கொலையா என்ற பொருளில் தலைப்பு வைத்தார். கேள்வி அப்போது விளையாட்டாகத் தோன்றியிருக்கலாம். பின்னர் பிரஸ்ஸல்ஸில் டேசியோ ஐசிரிக்கின் குழு, டைப் 1 நோயோடு தொடர்புடைய பிடிபிஎன்2 என்ற மரபணுவைப் பீட்டா செல்லுக்குள்ளேயே சோதித்தது. அது குறைந்த செல்களில், அழற்சிச் செய்திகள் வந்தவுடன் பிம் புரதம் உசுப்பப்பட்டு, செல்கள் எளிதில் செத்தன. நோய்க்கு ஆளாக்கும் மரபணுக்கள் எல்லாம் எதிர்ப்பாற்றல் செல்களில்தான் வேலை செய்யும் என்ற எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது. மடை எவ்வளவு இறுக்கமாக மூடியிருக்கிறது என்பதும் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

டைப் 2-வில் தாக்குகிற படை இல்லை. அங்கே வேலைப்பளுவே எமன். இன்சுலினை மடிக்கும் கூடமான எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தில் சரக்கு குவிந்தால், பெர்க் என்ற புரதம் உற்பத்தியைக் கொஞ்சம் நிறுத்து என்று மணியடிக்கும். பெர்க் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களில் அல்லது மாதங்களில் சர்க்கரை நோய் வருகிறது. உல்காட்-ராலிசன் நோய் என்று அதற்குப் பெயர். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இது தோன்றும். நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில், பிறவியிலேயே வந்து நிலைத்துவிடும் சர்க்கரை நோய்க்கு இதுவே முதன்மையான காரணம். அத்தை மகன், மாமன் மகள் என்று கல்யாணம் பேசும் நம் ஊர்களில் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

மணியடித்தும் குவியல் குறையாவிட்டால் சாப் என்ற புரதம் பெருகுகிறது. அது சாவின் பக்கம் தராசைச் சாய்ப்பது. ஜப்பானின் அகிட்டா எலிகளுக்கு இன்சுலின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிழை. அதனால் ஒரு கந்தகப் பிணைப்பு கோக்க முடியாமல் இன்சுலின் கோணலாக மடிகிறது, குவிகிறது, செல்கள் சாகின்றன. அதே எலிகளில் சாப் மரபணுவை நீக்கியபோது நோய் தள்ளிப்போனது. தள்ளிப்போனது என்றுதான் சொல்கிறேன், நின்றுவிடவில்லை.

இன்னொரு பெயரையும் நினைவில் வையுங்கள்: டிக்ஸ்நிப். ரத்தத்தில் சர்க்கரை கூடக்கூடப் பீட்டா செல்லில் இந்தப் புரதமும் கூடுகிறது. ஆக்சிஜன் புகையை அடக்கும் தயோரெடாக்சினைப் பிடித்துக் கட்டிப்போட்டு, செல்லைச் சாவுக்குத் தள்ளுகிறது. சர்க்கரை ஏறினால் செல் சாகும், செல் செத்தால் சர்க்கரை இன்னும் ஏறும். குளுக்கோஸே பீட்டா செல்லுக்கு நஞ்சாகிறது என்று மருத்துவர்கள் சொல்வதன் பின்னால் இருக்கும் சுழல்களில் இதுவும் ஒன்று.

இப்போது அந்தச் சாகாத எலிகளிடம் திரும்பலாம். 2003-இல் பாஸ்டனில் ஸ்டான்லி கோர்ஸ்மையரின் ஆய்வகத்தில் நிகா டேனியல், ஆபத்துச் செய்தியாளரான பேட் புரதம் கல்லீரல் செல்களில் யாரோடு சேர்ந்து நிற்கிறது என்று பார்த்தார். பக்கத்தில் நின்றது குளுக்கோகைனேஸ். ஆம், சர்க்கரையை அளக்கும் அதே தராசு. 2008-இல் அவர் குழு பீட்டா செல்லிலும் இதைக் காட்டியது. பேட் மீது பாஸ்பேட் குறி விழுந்திருந்தால் அது குளுக்கோகைனேஸை ஊக்கி இன்சுலின் வரத் துணைசெய்கிறது. பேட் இல்லாத எலிகளின் திட்டுகள் குளுக்கோஸுக்குச் சரியாக இன்சுலின் விடவில்லை. பேட் புரதத்தின் ஒரு துண்டைச் செயற்கையாகச் செய்து கொடுத்தபோது விட்டன. 2013-இல் கனடாவின் வான்கூவரில் டான் லூசியானியும் ஜேம்ஸ் ஜான்சனும் காவலர்களின் பக்கத்தைக் காட்டினார்கள். பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல் இரண்டும் சாதாரண நாட்களிலேயே பீட்டா செல்லின் குளுக்கோஸ் எதிர்வினையை அடக்கி வைக்கின்றன. அவற்றை நீக்கினால் மைட்டோகாண்ட்ரியாவின் எரிப்பு கூடுகிறது, கால்சியம் கூடுகிறது, இன்சுலினும் கூடுகிறது.

கண்மாய் உவமையை நான் எடுத்ததற்குக் காரணம் இதுதான். மதுரை, சிவகங்கைப் பக்கம் நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். வெள்ளத்தில் கரையைக் காக்க மடையைத் திறந்துவிடுபவர் அவர்தான். மற்ற நாளெல்லாம் எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று பங்கிட்டு விடுபவரும் அவரே. கரை உடையக் கூடாது என்று மடையைச் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டால் கண்மாய் நிரம்பி நிற்கும், வயல் காயும். போலான்ஸ்கியின் எலிகளுக்கு நடந்தது அதுதான்.

பூசிவிடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2002-இல் ஸ்டெல்லா பெலங்காரிஸும் ஜெரார்ட் ஈவனும், எலியின் பீட்டா செல்களில் மிக் என்ற புற்றுநோய் மரபணுவை முடுக்கிவிட்டார்கள். செல்கள் பெருகத் தொடங்கின, உடனே கூட்டமாகச் செத்தன, எலிக்குச் சர்க்கரை நோய் வந்தது. அதே செல்களில் பிசிஎல்-எக்ஸ்எல்லையும் சேர்த்தபோது சாவு நின்றது. வந்தது பரவும் புற்றுக்கட்டி. சாவுப் புரதங்களை வில்லன்களாக மட்டும் எழுதும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு நினைவுக்கு வரும்.

டைப் 2-வில் பீட்டா செல்கள் உண்மையிலேயே சாகின்றனவா என்ற சண்டையும் நடக்கிறது. 2003-இல் பீட்டர் பட்லர் குழு 124 பிரேதப் பரிசோதனைக் கணையங்களை ஆராய்ந்தது. டைப் 2 இருந்த பருமனானவர்களிடம், நோயில்லாத பருமனானவர்களைவிடப் பீட்டா செல் அளவு 63 சதவீதம் குறைவு. ஒல்லியானவர்களிடம் 41 சதவீதம் குறைவு. உதிரும் செல்களின் விகிதம் ஒல்லியானவர்களில் பத்து மடங்கும் பருமனானவர்களில் மூன்று மடங்கும் கூடியிருந்தது. முடிந்தது வழக்கு என்றிருந்தபோது, 2012-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டொமெனிகோ அச்சிலி வேறு கதை சொன்னார். எலிகளில் பல பீட்டா செல்கள் சாகவில்லை. இன்சுலின் செய்வதை மறந்து, கருப்பருவத்துச் செல்லைப் போல அடையாளமற்று நிற்கின்றன என்றார். என் தீர்ப்பைக் கேட்டால், இரண்டும் நடக்கிறது. மறந்து நிற்கும் செல் செத்த செல்லைவிட நமக்கு நல்ல செய்தி, அதற்கு நினைவு திரும்ப வாய்ப்புண்டு.

நமக்கு இதில் சொந்த அக்கறை உண்டு. ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். சென்னையில் நடந்த டி-கிளிப் ஆய்வில், சர்க்கரை லேசாக ஏறத் தொடங்கிய நிலையிலேயே பீட்டா செல்லின் திறன் குறைந்திருந்தது. வயதையும் உடல் பருமனையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்தக் குறை நின்றது. ஒல்லியாகத்தானே இருக்கிறேன், எனக்கு எப்படிச் சுகர் என்று கேட்பவருக்கு விடையின் ஒரு பகுதி இதில் இருக்கிறது.

மருந்து உண்டா? மடையைப் பூசும் மருந்து கூடாது என்று பார்த்தோம். அதனால் வெள்ளத்தைக் குறைக்கும் வழியைத் தேடுகிறார்கள். டெப்லிசுமாப் என்ற மருந்து டி செல்களை அடக்குகிறது. டைப் 1 வரப்போகிறது என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தால் நோயை ஏறக்குறைய இரண்டு ஆண்டு தள்ளிப்போடுகிறது. அமெரிக்கா 2022 நவம்பரில் அனுமதித்தது. இன்னொன்று வெரபாமில் என்ற பழைய ரத்த அழுத்த மாத்திரை. அலபாமாவில் அனத் ஷலேவின் ஆய்வகம், அது கால்சியம் வரத்தைக் குறைப்பதால் டிக்ஸ்நிப் குறைவதைக் கண்டது. புதிதாக டைப் 1 வந்த 88 சிறார்களிடம் நடத்திய சோதனை 2023-இல் வெளியானது. ஓராண்டு முடிவில், வெரபாமில் எடுத்தவர்களின் சொந்த இன்சுலின் சுரப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 30 சதவீதம் அதிகம். ஆனாலும் எல்லோருக்கும் இன்சுலின் ஊசி தேவைப்பட்டது. இதயத் துடிப்பின் வேகத்தை மாற்றும் மாத்திரை இது. கடையில் வாங்கி நீங்களே முயன்று பார்க்கும் விஷயமல்ல.

அமெரிக்காவில் ஜாஸ்லின் மையம், டைப் 1 நோயோடு 50 ஆண்டுக்கு மேல் வாழ்ந்தவர்களுக்குப் பதக்கம் கொடுத்து ஆராய்ந்து வந்தது. அவர்களில் இறந்த ஒன்பது பேரின் கணையங்களைப் பார்த்தபோது ஒன்பதிலும் இன்சுலின் உள்ள செல்கள் இருந்தன. அரை நூற்றாண்டு முற்றுகைக்குப் பிறகும் மடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சில செல்கள் நின்றிருக்கின்றன.

டைப் 1 வந்த குழந்தையின் பெற்றோர் இதைப் படித்தால் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். ஊசி தொடங்கிய சில வாரங்களில் சர்க்கரை இறங்கும், வேண்டியிருக்கும் இன்சுலின் அளவும் குறையும். மருத்துவர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்பார்கள். வெளியிலிருந்து இன்சுலின் வந்ததால் மிச்சமிருக்கும் பீட்டா செல்களுக்குப் பளு குறைந்து கொஞ்சம் மூச்சுவிடும் காலம் அது. நோய் போய்விட்டது என்றும், கணையத்தை உயிர்ப்பிக்கும் சூரணம் இருக்கிறது என்றும் யாராவது சொல்வது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். ஊசியை நிறுத்திவிடாதீர்கள்.